விமானத்தில் புகை: செட்டிநாட்டிலிருந்து முதல்முறை பறப்பவர்களுக்கு

"அண்ணே, நாலு மணி நேரமெல்லாம் நமக்குத் தாங்காது. பாத்ரூம்ல போயி ஒண்ணே ஒண்ணு இழுத்துட்டு வந்தா யாருக்குத் தெரியப் போகுது?"

காரைக்குடியில் உட்கார்ந்து சிங்கப்பூருக்கும் மலேசியாவுக்கும் துபாய்க்கும் டிக்கெட் போட்டுக் கொடுப்பது என் பிழைப்பு. முதல்முறை பறக்கப் போகிறவர்களில் சிலர் இப்படி வாய்விட்டுக் கேட்டுவிடுவார்கள். அவர்களைப் பற்றி எனக்குக் கவலை இல்லை. கேட்க வெட்கப்பட்டு, மனசுக்குள்ளேயே திட்டம் போட்டுக்கொண்டு போகிறார்களே, அவர்களை நினைத்தால்தான் வயிற்றைக் கலக்குகிறது. இது அவர்களுக்காக எழுதியது. பீடி, சிகரெட், சுருட்டு, புகையிலை எல்லாவற்றுக்கும் சேர்த்துத்தான்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நம் பக்கத்தில் புகைப்பவன் மறைந்துதான் புகைப்பான். முகப்பில் அப்பச்சி உட்கார்ந்திருந்தால் வளவைத் தாண்டி, இரண்டாம் கட்டைத் தாண்டி, கொல்லைக்குப் போய்த்தான் பற்றவைப்பான். தெருவில் பெரியவர் எதிரே வந்தால் பீடி உள்ளங்கைக்குள் போய்விடும். அது பயமில்லை, மரியாதை. ஐம்பது வயதிலும் அப்பாவுக்கு முன்னால் புகைக்காதவர்களை எனக்குத் தெரியும். ஊரில் அழகாக இருக்கிற இந்தப் பழக்கம்தான் விமானத்தில் ஆளைக் கொல்லும். இருக்கையில் உட்கார்ந்து யாரும் பற்றவைக்கப் போவதில்லை. கதவைச் சாத்திக்கொண்டு பற்றவைத்து, துண்டை அவசரமாகக் காகிதத் தொட்டியில் போட்டுவிட்டு, ஒன்றும் தெரியாத முகத்தோடு வந்து உட்காருகிறவரால்தான் ஆபத்து.

சும்மா மிரட்டவில்லை. 1973 ஜூலை 11 அன்று ரியோ டி ஜெனிரோவிலிருந்து பாரிஸுக்கு வந்த வாரிக் நிறுவன விமானத்தில், பின்பக்கக் கழிப்பறையில் தீப்பிடித்தது. பாரிஸ் ஓர்லி நிலையத்துக்கு ஐந்து கிலோமீட்டர்தான் பாக்கி. அதற்குள் புகை சூழ்ந்துவிட, விமானி ஒரு வயலில் இறக்கினார். இருந்தவர்கள் 134 பேர். பிழைத்தவர்கள் 11 பேர். அந்தப் பதினொருவரில் பயணி ஒரே ஒருவர், மற்றவர்கள் எல்லாம் விமானப் பணியாளர்கள். பெரும்பாலானவர்களைக் கொன்றது நெருப்பல்ல, புகை. கழிப்பறைக் குப்பைத் தொட்டியில் யாரோ போட்ட சிகரெட் துண்டாக இருக்கலாம் என்பதுதான் சொல்லப்பட்ட காரணம். பத்து வருஷம் கழித்து, 1983 ஜூன் 2 அன்று, ஏர் கனடா விமானம் ஒன்றிலும் கழிப்பறைப் பக்கம் தீ. அதற்குக் காரணம் கடைசி வரை பிடிபடவில்லை; 46 பேரில் 23 பேர் போய்விட்டார்கள். இன்றைக்குக் கழிப்பறைக் கூரையில் இருக்கும் புகை உணர்கருவியும், குப்பைத் தொட்டிக்குள் தானாகவே பீய்ச்சும் தீயணைப்பானும், இருட்டிலும் வழிகாட்டும் தரை விளக்கும் கட்டாயமானதற்கு இந்தச் சாவுகள்தான் காரணம்.

இனி ஒவ்வொன்றாகப் போவோம்.

1. கணக்கைச் சரியாகப் போடுங்கள்

"நாலு மணி நேரம்" என்று நினைப்பதுதான் முதல் தப்பு. திருச்சியிலிருந்து சிங்கப்பூருக்குப் பறக்கிற நேரம் சுமார் நாலேகால் மணி. ஆனால் வெளிநாட்டு விமானத்துக்கு மூன்று மணி நேரம் முன்னதாக நிலையத்துக்குள் இருக்க வேண்டும். ஒருமுறை உள்ளே போய்விட்டால் 'கொஞ்சம் வெளியே போய்ட்டு வர்றேன்' என்பது நடக்காது. அங்கே இறங்கியதும் குடிநுழைவு வரிசை, பெட்டிக்குக் காத்திருப்பது, சுங்கம் என்று இன்னொரு மணி நேரம். மொத்தம் எட்டு மணி நேரத்துக்கு மேல் போகும். துபாய், சார்ஜா என்றாலும் ஏறத்தாழ இதே கணக்குதான். மதுரையிலிருந்து கொழும்பு என்றால் பறப்பது ஒரு மணி நேரம்தான், ஆனாலும் முன்னும் பின்னும் சேர்த்தால் ஐந்து மணியைத் தொட்டுவிடும்.

நிலையத்துக்குள்ளே புகைக்கும் அறை இருக்கும் என்று யாராவது சொன்னால் நம்பிப் போகாதீர்கள். 2003-ஆம் ஆண்டுப் புகையிலைச் சட்டம் விமான நிலையங்களில் தனி அறை வைத்துக்கொள்ளலாம் என்கிறது. வைத்தே ஆக வேண்டும் என்று சொல்லவில்லை. இருந்த அறையை மூடிவிட்ட நிலையங்களும் உண்டு. அறை இல்லாத இடத்தில் பற்றவைத்தால் பொது இடத்தில் புகைத்ததற்கான அபராதம்.

2. முன்கூட்டியே பழகிப் பாருங்கள்

நான் எல்லோருக்கும் சொல்வது இதுதான். பயணத்துக்கு ஒரு வாரம் முன்னால் ஏதாவது ஒரு நாள், காலைச் சாப்பாட்டிலிருந்து சாயங்காலம் வரை புகைக்காமல் இருந்து பாருங்கள். கை எப்போது தேடுகிறது, டீ குடித்ததுமா, சாப்பிட்டதுமா, சும்மா இருக்கும்போதா என்று உங்களுக்கே தெரிந்துவிடும். தாங்க முடியவில்லை என்றால் மருந்துக்கடையில் நிகோட்டின் சூயிங்கம் கிடைக்கும். 2 மில்லிகிராம் என்றால் மருத்துவர் சீட்டு கேட்கமாட்டார்கள். இதய நோய், இரத்த அழுத்தம் இருப்பவர்கள் மருத்துவரைக் கேட்டுவிட்டே வாங்க வேண்டும்.

அதை மிட்டாய் மாதிரி மென்று தள்ளக் கூடாது. விக்கலும் நெஞ்செரிச்சலும்தான் மிஞ்சும். நாலைந்து முறை மெல்லுங்கள், காரம் சுருக்கென்று ஏறியதும் கன்னத்தில் ஒதுக்கிவிடுங்கள். காரம் அடங்கியதும் மறுபடி மெல்லுங்கள். புகையிலையை ஒதுக்கத் தெரிந்த ஊருக்கு இதைக் கற்றுக்கொடுக்க வேண்டியதில்லை. ஒரு விஷயம் மட்டும்: மெல்லுவதற்குக் கால் மணி நேரம் முன்னால் காபி, குளிர்பானம் வேண்டாம், மருந்து சரியாக இறங்காது. சிங்கப்பூர் போகிறவர்கள் கவனிக்க: அங்கே சாதாரண சூயிங்கம்முக்குத் தடை. மருந்துச் சூயிங்கம்மையும் மருந்தாளுநர் வழியாகத்தான் விற்கிறார்கள். பெட்டி பெட்டியாக அள்ளிக்கொண்டு போகாதீர்கள், பயணத்துக்குத் தேவையானது போதும்.

3. பையைக் கட்டும்போது

இங்கேதான் புகைக்காதவர்களும் மாட்டுகிறார்கள்.

லைட்டர், தீப்பெட்டி இரண்டையும் வீட்டிலேயே விட்டுவிடுங்கள். கைப்பையில் இருந்தால் சோதனையில் பிடுங்கிக்கொள்வார்கள். பெரிய பெட்டிக்குள் ஒளித்துவைத்தால் அதைவிட மோசம். பெட்டியைத் தனியாக எடுத்துவைத்து உங்களைக் கூப்பிடுவார்கள். சிகரெட் பாக்கெட்டும் பீடிக்கட்டும் கைப்பையில் இருப்பதில் தப்பில்லை. பற்றவைக்கும் பொருள்தான் பிரச்சினை.

கிளம்புவதற்கு முன் பிள்ளையார்பட்டிக்கோ குன்றக்குடிக்கோ போய் அர்ச்சனை செய்துவிட்டு, அந்தப் பையை அப்படியே கைப்பைக்குள் வைத்துக்கொள்ளும் வழக்கம் நம் பக்கம் உண்டு. விபூதி, குங்குமம், மாலை எல்லாம் சரி. அதற்குள்ளே சூடமும் தீப்பெட்டியும் இருக்கும்! சூடம் எளிதில் தீப்பிடிக்கும் பொருள், விமானத்துக்கே ஆகாது. வாழ்க்கையில் ஒரு பீடியைத் தொடாத ஓர் ஆச்சி, மகன் வீட்டுப் புதுமனைக்கு என்று பூசைச் சாமானோடு போய்ச் சோதனை வரிசையில் அரை மணி நேரம் நின்ற கதை எனக்குத் தெரியும். டிக்கெட் போட்டவன் நான். சொல்லி அனுப்பாதது என் தப்பு.

மின்-சிகரெட் வைத்திருப்பவர்கள் அதை மறந்துவிடுங்கள். இந்தியாவில் 2019 முதல் அதன் விற்பனைக்கும் இறக்குமதிக்கும் தடை. சிங்கப்பூரில் கையில் வைத்திருப்பதே குற்றம். "இது புகையில்லை, ஆவிதான்" என்ற வாதம் விமானத்திலும் எடுபடாது. உணர்கருவி அதற்கும் கத்தும், சட்டமும் இரண்டையும் ஒன்றாகத்தான் பார்க்கிறது.

4. வழியில்

காரைக்குடியிலிருந்து திருச்சி விமான நிலையம் ஏறக்குறைய தொண்ணூறு கிலோமீட்டர். புதுக்கோட்டைச் சாலையிலேயே நிலையம் வந்துவிடும், ஊருக்குள் போக வேண்டாம். காருக்குள் புகைக்காதீர்கள்; சட்டையில் ஏறிய வாடை சிங்கப்பூர் வரை வரும். திருமயத்திலோ புதுக்கோட்டையிலோ டீக்கு நிறுத்துவீர்கள் அல்லவா, கடைசியாகப் பற்றவைப்பது அங்கேயே இருக்கட்டும். முகம், கை கழுவி, வாய் கொப்பளித்து, ஓர் ஏலக்காயை வாயில் போட்டுக்கொண்டு ஏறுங்கள். முடிந்தால் ஒரு மாற்றுச் சட்டை. அடுத்த இருக்கைக்காரர் நாலு மணி நேரம் உங்கள் தோளோடு தோள் உரசி உட்காரப் போகிறார். நமக்கு வாடை தெரியாது, அவருக்குத் தெரியும்.

நிலையத்திலிருந்து விமானத்துக்கு நடந்தோ பேருந்திலோ போகும்போதும், ஊர் திரும்பிப் படியில் இறங்கும்போதும் சிலருக்குக் கை தன்னால் சட்டைப்பைக்குப் போகும். அங்கே பக்கத்திலேயே எரிபொருள் வண்டி நிற்கும். அதற்கு மேல் விளக்கம் வேண்டாமே.

5. உள்ளே உட்கார்ந்த பிறகு

தலைக்கு மேலே குறுக்குக்கோடு போட்ட சிகரெட் படம் எரிந்துகொண்டே இருக்கும். அதை யாரும் அணைக்கப் போவதில்லை. இந்தியாவில் 1937-ஆம் ஆண்டு விமான விதிகளின் 25-ஆம் விதியே விமானத்தில் புகைப்பதைப் பற்றித்தான். வெளிநாட்டு விமானங்களுக்கு, சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு 1992-இல் தீர்மானம் போட்டு, 1996 ஜூலைக்குள் எல்லாப் பன்னாட்டுப் பயணங்களும் புகையில்லாமல் ஆக வேண்டும் என்று நாடுகளைக் கேட்டுக்கொண்டது.

அதற்கு முன்னால் வேறு காலம். பின்வரிசை இருக்கைகள் புகைப்பவர்களுக்கு, முன்வரிசை மற்றவர்களுக்கு. நடுவில் சுவர் கிடையாது, புகைக்கு வரிசை எண் தெரியுமா? 1967-இல் ஏர் இந்தியா தன் பெரும்புள்ளிப் பயணிகளுக்குப் பரிசளிக்கச் சால்வடார் டாலி என்ற உலகப் புகழ் ஓவியரிடம் சாம்பல் கிண்ணம் வடிவமைத்து வாங்கியது. கூலியாக அவர் கேட்டது ஒரு யானைக்குட்டி. அதையும் கொண்டுபோய்க் கொடுத்தார்கள்! அவ்வளவு கௌரவமாக இருந்தது புகை. அதற்கும் முந்தைய தலைமுறையில் நம் ஆட்கள் நாகப்பட்டினத்தில் ராஜுலா கப்பல் ஏறிப் பினாங்குக்கு நாள்கணக்கில் போனபோது, மேல்தளத்தில் கடற்காற்றில் சுருட்டுப் பிடித்தால் யாருக்கு என்ன? பர்மாவுக்குக் கொண்டுவிற்கப் போன தாத்தாக்கள் அங்கிருந்து சுருட்டுப் பழக்கத்தோடு திரும்பியதும் உண்டு. அந்தக் கதையைக் கேட்டு வளர்ந்தவர்தான் 'அப்ப மட்டும் விட்டாங்களே' என்கிறார். கப்பலில் புகை கடலுக்குப் போகும். மூடிய விமானத்தில் காற்றில் பாதியை வடிகட்டித் திரும்பவும் உள்ளேதான் விடுகிறார்கள்.

பணிப்பெண்கள் இந்த விஷயத்தில் கறாராக இருப்பதற்குப் பின்னால் ஒரு வரலாறு இருக்கிறது. அந்தக் காலத்தில் வேலை நேரம் முழுக்க அடுத்தவர் புகையைச் சுவாசித்தவர்கள் அவர்கள்தான். புகையே பிடிக்காதவர்களுக்கும் நுரையீரல் நோய் வந்தது. அமெரிக்காவில் 1991-இல் விமானப் பணிப்பெண்கள் சேர்ந்து சிகரெட் கம்பெனிகள் மேல் வழக்குப் போட்டார்கள். 1997-இல் கம்பெனிகள் 30 கோடி டாலரை ஆராய்ச்சிக்காகக் கொடுக்க ஒப்புக்கொண்டு சமாதானத்துக்கு வந்தன. ஆகையால் அந்தப் பெண் வந்து கண்டிப்பாகப் பேசினால், "என்னம்மா, பெரிய இது மாதிரி" என்று முறைக்காதீர்கள்.

பறக்கும்போது உடம்பு எப்படி இருக்கும்? உள்ளே காற்றழுத்தம் ஏறத்தாழக் கொடைக்கானலில் உட்கார்ந்திருப்பது போல. காற்று மட்டும் கொடைக்கானல் ஈரம் இல்லாமல் வறண்டு கிடக்கும். இரத்தத்தில் ஏற்கெனவே புகையின் கார்பன் மோனாக்சைடு இருப்பவருக்குத் தலை கொஞ்சம் கனக்கும். தண்ணீர் நிறையக் குடியுங்கள். மதுவைத் தொடாதீர்கள், ஒரு குவளை இறங்கியதும் கை சிகரெட்டைத் தேடுவது உங்களுக்கே தெரியும். நான் பார்த்தவரை பாத்ரூமில் பற்றவைத்து மாட்டியவர்களில் பாதிப்பேருக்குப் பின்னணியில் குவளைதான்.

தவிப்பு கூடினால் எழுந்து நாலு வரிசை நடங்கள். ஒவ்வொரு தவிப்பும் அலை மாதிரி, சில நிமிஷத்தில் தணிந்துவிடும். பணிப்பெண்ணிடம் வெளிப்படையாகவே சொல்லலாம்: "சிகரெட் பழக்கம்மா, கொஞ்சம் படபடப்பா இருக்கு, ஒரு டீ தர்றீங்களா?" திட்டமாட்டார்கள். மலிவு விமானத்தில் டீக்குக் காசு வாங்குவார்கள், அவ்வளவுதான்.

6. கழிப்பறைச் சாம்பல் கிண்ணம்

உள்ளே போனதும் ஒரு குழப்பம் வரும். கதவில் 'புகைக்காதீர்' என்று ஒட்டியிருக்கும். அதே கதவின் பக்கத்தில் சின்னதாகச் சாம்பல் கிண்ணமும் இருக்கும். "கிண்ணம் வச்சிருக்காங்கண்ணே, அப்பப் பிடிக்கலாம்னுதானே அர்த்தம்?" என்று ஒருவர் என்னிடம் சண்டைக்கே வந்தார்.

அப்படி அர்த்தமில்லை. தடையை மீறி ஒருவன் பற்றவைத்தே விட்டால், துண்டைக் காகிதத் தொட்டியில் போடாமல் இருப்பதற்கு ஓர் இடம் வேண்டும் என்பதற்காக விதியே அதைக் கட்டாயமாக்கியிருக்கிறது. மனிதர்கள் விதியை மீறுவார்கள் என்பதை விதி எழுதியவர்களே ஒப்புக்கொண்ட அபூர்வமான இடம் அது.

கருவி கத்தினால் பணியாளர்களுக்கு உடனே தெரிந்துவிடும். உள்ளே தாழ் போட்டிருந்தாலும் வெளியிலிருந்து திறக்க அவர்களுக்கு வழி உண்டு. கருவியைத் துணியால் மூடுவது, பிளாஸ்டிக் பையைச் சுற்றுவது எல்லாம் கைபேசிக் காணொளிகளில் பார்த்துவிட்டு வரும் யோசனைகள். புகைத்ததைவிட அதுதான் பெரிய குற்றமாகும். சென்ட், வாசனைத் தெளிப்பான் அடித்தாலும் சில நேரம் கருவி கத்திவிடும், அதையும் தவிர்த்துவிடுங்கள்.

இவ்வளவுக்கும் பிறகு, புத்தி கெட்டுப் பற்றவைத்துவிட்டீர்களா? துண்டைத் தண்ணீரில் முழுக்க நனைத்துவிடுங்கள். அந்தக் கிண்ணத்தில் போடுங்கள். வெளியே வந்து பணியாளரிடம் சொல்லுங்கள். அவமானமாகத்தான் இருக்கும். சொல்லாமல் போய் உட்கார்ந்தால் அவர்கள் தொட்டியைக் கிளறிப் பார்க்க வேண்டும், விமானியை எச்சரிக்க வேண்டும், எங்கே நெருப்பு என்று தேட வேண்டும். வேறு யாராவது பற்றவைத்த வாடை வந்தாலும் அழைப்பு மணியை அமுக்குங்கள். படம் பிடித்துக்கொண்டிருக்க நேரமில்லை.

பிறகு என்ன ஆகும்? இறங்கியதும் பாதுகாப்புப் படையும் போலீஸும் வாசலில் நிற்கலாம். அடுத்தவர் உயிருக்கு ஆபத்து விளைவித்த பிரிவில் வழக்கு வரலாம். 2017-இல் வந்த விதிப்படி, அடங்காத பயணியை மூன்று படியாகப் பிரிப்பார்கள்: மூன்று மாதம், ஆறு மாதம், இரண்டு வருஷமோ அதற்கு மேலோ பறக்கத் தடை. வேலைக்கான அனுமதியோடு போகிறவருக்கு அபராதத் தொகை பெரிதில்லை. முதலாளி காதுக்குப் போகிற செய்தி பெரிது.

7. வெற்றிலைப் பெட்டியோடு வரும் ஆச்சிமாருக்கு

வெற்றிலையும் பாக்கும் கொண்டுபோகும் விதி நாட்டுக்கு நாடு மாறும், போகும் நாட்டின் விதியைக் கேட்டுக்கொள்ளுங்கள். மெல்லும் புகையிலை சிங்கப்பூருக்குள் நுழையவே கூடாது. பாக்குவெட்டி கைப்பையில் ஆகாது, பெரிய பெட்டிக்குள் போய்விட வேண்டும். விமானத்தில் போட்டுத்தான் ஆக வேண்டும் என்றால் புகையிலை இல்லாத வெற்றிலையாக இருக்கட்டும். துப்புவதற்கு இருக்கைப் பையில் காகித உறை இருக்கும். கழிப்பறைத் தொட்டியில் துப்பிச் சிவப்பாக்கிவிட்டு வராதீர்கள்.

8. இறங்கிய பிறகு

சிங்கப்பூரில் சிகரெட்டுக்கு வரிச்சலுகையே கிடையாது, ஒன்றே ஒன்றானாலும். பிரித்த பாக்கெட்டில் மிச்சம் ஏழு இருந்தாலும், பீடிக்கட்டாக இருந்தாலும், சுங்கச் சோதனையின் சிவப்பு வழியில் போய்க் காட்டி வரி கட்ட வேண்டும். பச்சை வழியில் நைசாக நடந்து மாட்டினால் வரியைப்போல் பலமடங்கு அபராதம். கட்ட மனமில்லை என்றால் கொண்டுபோகாதீர்கள். அங்கே 21 வயது ஆகாதவர் புகைக்கவும் முடியாது, வாங்கவும் முடியாது.

வெளியே வந்ததும் பற்றவைக்கத் துடிக்கும். தரையில் மஞ்சள் கோடு போட்ட கட்டத்தைத் தேடுங்கள், அதற்குள் நின்று புகையுங்கள். பேருந்து நிறுத்தத்தை ஒட்டிப் புகைக்கக் கூடாது. மலேசியாவில் 2019 முதல் சாப்பாட்டுக் கடைகளில், வாசலில் போட்ட மேசை உட்பட, தடை. நம் ஊர் ஓட்டலில் சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு வாசலில் பற்றவைப்பது போல் அங்கே செய்தால் அபராதச் சீட்டு கொடுத்துவிடுவார்கள்.

திரும்பி வரும்போது, சுங்கவரி இல்லாக் கடையில் 'அண்ணனுக்கு இரண்டு, மச்சானுக்கு இரண்டு' என்று அட்டைப்பெட்டியாக அடுக்குவதற்கு முன் எண்ணிப் பாருங்கள். இந்தியாவுக்குள் வரியில்லாமல் வருவது ஆளுக்கு 100 சிகரெட். ஓர் அட்டைப்பெட்டியில் பெரும்பாலும் 200 இருக்கும். அங்கே வாங்கிய லைட்டரை அறைத்தோழருக்குக் கொடுத்துவிட்டு வாருங்கள்.